எரிபெர்த்தோ மாமாவும் அரை அங்குலமும்

எரிபெர்த்தோ மாமாவுக்குச் சாப்பாடு வாளியில் இறங்கி வரும். பெயிண்ட் வந்த வெள்ளை பிளாஸ்டிக் வாளி. மாடி பால்கனியிலிருந்து அவில்டா அத்தை கயிறு கட்டி இறக்குவார். கீழே எங்கள் கார் கொட்டகையில் மடக்குக் கட்டிலில் உட்கார்ந்திருக்கும் மாமா அதைப் பிடித்துத் தட்டை எடுத்துக்கொண்டு கயிற்றை ஒரு இழு இழுப்பார். வாளி மேலே போய்விடும். பட்டாளத்தில் லாரிப் படையையே ஓட்டிய சார்ஜென்ட்டுக்கு இப்போது மிச்சமிருக்கும் போக்குவரத்து அவ்வளவுதான்.

மாடி அவர்களுடையது, கீழ்வீடு எங்களுடையது. அத்தை என் அப்பாவின் அக்கா. மாடியைக் கட்டியது மாமா. ஜெர்மனியிலிருந்து, கான்சாஸிலிருந்து, ஈராக்கிலிருந்து லீவில் வரும்போதெல்லாம் சிமெண்ட் குழைத்து ஒவ்வொரு சுவராக எழுப்பினார். ஏறுவதற்கு வெளிப்பக்கம் ஒரு படிக்கட்டு வைத்தார். செங்குத்து. குறுகல். நடுவில் ஒரு திருப்பம். வயசாகும் என்கிற எண்ணமே இல்லாத ஆள் கட்டிய படிக்கட்டு.

போன வருடம் ஒருநாள் அந்தத் திருப்பத்தில் மாமாவின் இடது முழங்கால் வேலையை விட்டுவிட்டது. மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் வர முடியவில்லை. அக்கம்பக்கத்து ஆட்கள் நாலு பேர் வந்து பிரிட்ஜ் இறக்குவது மாதிரி இறக்கினார்கள். அன்றிலிருந்து கார் கொட்டகைதான். ஒரு பக்கம் எங்கள் ஃப்ரீசர், இன்னொரு பக்கம் அப்பாவின் ஓடாத டொயோட்டா, நடுவில் மாமா.

படைவீரர் மருத்துவமனையில் எலும்பு டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, முழங்காலை மாற்றிவிடலாம் என்றார். ஆனால் இந்த எடையில் கத்தி வைக்க மாட்டேன், இருநூற்று அறுபது பவுண்டுக்குக் கீழே வாருங்கள் என்றார். மாமா அப்போது முந்நூறு.

விஷயம் அதுதான். மாமா மாடி ஏற வேண்டும். ஏற முழங்கால் வேண்டும். முழங்கால் வேண்டுமென்றால் நாற்பது பவுண்டு போக வேண்டும்.

"வருத்தமா இருக்கா மாமா?" என்று கேட்டேன்.

"எதுவும் தோணல."

எதைக் கேட்டாலும் அதுதான் பதில். புயல் வந்து கொட்டகைத் தகரத்தைத் தூக்கிக்கொண்டு போனபோதும் எதுவும் தோணல. பிறந்தநாள் கேக்குக்கும் எதுவும் தோணல. ஒருமுறை அத்தை இறக்கிய வாளியில் யாரோ கோகி என்கிற கட்டைவிரல் அளவுத் தவளையை விட்டிருந்தார்கள். யார் என்பது இங்கே முக்கியமில்லை. மாமா தவளையை எடுத்துப் பார்த்தார். ஃப்ரீசர் மேல் வைத்தார். சோற்றைச் சாப்பிட்டார். சுவரில் பந்து அடித்தால் சுவராவது திருப்பித் தரும்.

அப்போதுதான் அந்த போன் வந்தது. டாக்டர் யாரலிஸ் என்று ஒரு பெண். முன்னாள் படைவீரர்களுக்கு எடை ஏன் குறைவதில்லை, எப்படிக் குறைத்தால் ஏறாமல் நிற்கும் என்று மருத்துவமனையில் ஒரு ஆராய்ச்சி நடத்துகிறாராம். ரெண்டு வாரத்துக்கு ஒரு வியாழக்கிழமை குழுவாக உட்கார்ந்து பேசுவது, சமையல் செய்து காட்டுவது, நடை. "மொதல் நாள் எல்லாருக்கும் எடை பாப்போம்" என்றார் டாக்டர்.

மாமா "சரி" என்று போனை வைத்தார். அன்று சாயங்காலத்திலிருந்து தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்.

அப்பா இரவல் வண்டி ஓட்ட, மாமாவைத் தாங்கிப் பிடிக்க நானும் போனேன். அறையில் எட்டுப் பேர் இருந்தார்கள். எல்லாரும் காய்ந்த மீன் மாதிரி இருந்தார்கள். ஒருத்தர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். ஒருத்தர் பாட்டிலில் துப்பிக்கொண்டே இருந்தார், வாயில் ஊறுவதும் எடைதானே. டாக்டர் வயசு குறைந்தவர், நல்ல மாதிரி. ஒன்றும் புரியாமல் ஒவ்வொருவராக ஏற்றி எடை எழுதிக்கொண்டார்.

ரெண்டு வாரம் கழித்துப் பார்த்தால் எட்டுப் பேருக்கும் ஏறியிருந்தது. சும்மா இல்லை, நன்றாகவே ஏறியிருந்தது.

"சமையல் சொல்லிக் குடுத்தது நான்தான்" என்றார் டாக்டர் யாரலிஸ். முகம் வாடிவிட்டது. "சௌசௌவும் மீனும் தானே செஞ்சு காட்டினேன்? பன்னியையா வறுத்தேன்?"

கடைசி நாற்காலியிலிருந்து நிக்கோ கையைத் தூக்கினார். எங்கள் கடலோர ஊர் மவுனாபோவில் ஐஸ் துருவி சர்பத் ஊற்றி விற்கும் வண்டி அவருடையது. உடம்பும் வண்டி சைஸ்.

"டாக்டரம்மா, இது கொழுப்பு இல்ல. தண்ணி."

"என்ன தண்ணி?"

"குடிச்ச தண்ணி. போன தடவ யாரும் குடிக்கல."

"எத்தன பேர் குடிக்கல?"

எட்டுக் கையும் மெதுவாக ஏறியது.

"ஏங்க?"

மாமாதான் பதில் சொன்னார். "எடை பாப்போம்னு சொன்னீங்களே."

"ஆமா, சொன்னேன்."

"அப்பறம் எப்படிக் குடிக்கறது?"

டாக்டர் பேனாவை மூடினார். "இங்க யாரும் உங்கள வேலைய விட்டு அனுப்பப் போறதில்லீங்க."

"அது தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"தெரியறது வேற டாக்டரம்மா. எடை பாக்கறது வேற."

பட்டாளத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடை பார்ப்பார்கள். உயரத்துக்கு உள்ள கணக்கைத் தாண்டினால் டேப் வரும். கழுத்தைச் சுற்றி ஒரு அளவு, வயிற்றைச் சுற்றி ஒரு அளவு. கழுத்து பருத்தால் நல்லது, வயிறு பருத்தால் கெட்டது. அதனால் தேறாத ஆட்கள் எல்லாரும் கழுத்துக்குத் தனியாக உடற்பயிற்சி செய்வார்கள். முந்தின நாள் குப்பைப் பையை ஓட்டை போட்டு மாட்டிக்கொண்டு வெயிலில் ஓடுவார்கள். ஒரு சொட்டு குடிக்க மாட்டார்கள். மூன்று முறை தேறாவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எடை என்கிற சொல்லைக் கேட்டதும் இவர்களுக்கு நாக்கு தானாக வறண்டுவிடுகிறது. பெரிய படிப்பு படித்த டாக்டருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. அவர் பட்டாளத்தில் இல்லையே.

டாக்டர் மேலிடத்தில் அனுமதி வாங்கி முதல் எடையைக் குப்பையில் போட்டார். புதிதாக ஆரம்பித்தார். வாசலில் ஒரு ஜாடி வைத்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தவர்தான் மிஷின் மேல் ஏறலாம் என்று சட்டம் போட்டார். மாமாவையும் இன்னும் ரெண்டு பேரையும் தனியாகக் கூப்பிட்டு, "நீங்க சாப்பிடற சர்க்கரை மாத்திரைக்கு இந்தப் பட்டினி எல்லாம் ஆகாது, சிறுநீரகம் போயிடும்" என்றார். மாமா தலையாட்டினார்.

எடையோடு இடுப்பளவும் எடுக்க வேண்டும். ஒருவருக்கொருவர் எடுத்துக்கொள்ளட்டும், பழகிவிடுவார்கள் என்று டாக்டர் சீட்டுக் குலுக்கி ஜோடி சேர்த்தார். மாமாவுக்கு நிக்கோ வந்தார்.

டேப்பை நிக்கோ கையில் வாங்கினார். மாமா சட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

"மூச்ச இழுத்துப் புடிக்காதீங்க சார்ஜென்ட்."

"புடிக்கல."

நிக்கோ குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, அறை முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னார். "அரை அங்குலம் கூட!"

எல்லாரும் சிரித்தார்கள். டாக்டரும் சிரித்தார், அவருக்கு விஷயம் தெரியாது. மாமா சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

விஷயம் இது. மாமாவும் நிக்கோவும் ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள். நிக்கோ சமையல்காரர். பென்ஷனுக்கு மூன்று வருடம் பாக்கி இருந்தபோது மூன்றாவது முறையாக அவருக்கு டேப் எடுத்தார்கள். எடுத்தது சார்ஜென்ட் எரிபெர்த்தோ. "அரை அங்குலம் கூட" என்று சொன்னதும் அவர்தான். நிக்கோ பென்ஷன் இல்லாமல் ஊருக்கு வந்தார், ஐஸ் வண்டி வாங்கினார். இதை நிக்கோவே ஐஸ் துருவிக்கொண்டு ஊர் முழுக்கச் சிரிப்புக் கதையாகச் சொல்லியிருக்கிறார். மாமா சொல்லி யாரும் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு மாதங்கள் போயின. வாளியில் துவரைச் சோறு குறைந்தது, பன்றி வறுவல் நின்றது, சௌசௌ வந்தது, மறுபடி சௌசௌ வந்தது.

"அவில்டா, இது என்ன?" என்று மாமா கீழேயிருந்து கேட்பார்.

"சௌசௌ."

"நேத்தும் இதான வந்துச்சு."

"நேத்து வேகவெச்சது. இன்னிக்கு வேகவெச்சு மசிச்சது. டாக்டர் பொண்ணு சொல்லியிருக்கு, வகை வகையா சாப்பிடணுமாம். சாப்பிடு கெழவா."

என் அம்மா பாவம் பார்த்து, நண்டு வைத்த அல்கபுரியா வடையை எண்ணெய் சொட்டச் சொட்டத் தட்டில் மறைத்துக் கொண்டுவந்து நீட்டுவார். மாமா அதை மோந்து பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்துவிடுவார். ஆராய்ச்சியால் பலன் பெற்றவர்களில் நானும் ஒருவர். எனக்கு ஏறியது.

தரையில் நடக்க முழங்கால் விடாது. அதனால் டாக்டர் கடலில் நடக்கச் சொன்னார். இடுப்பு வரை தண்ணீரில் நின்றால் உடம்பின் கனம் முழங்காலுக்குத் தெரியாதாம். காலையில் நிக்கோ ஒரு காரோடு வந்து மாமாவை ஏற்றிக்கொண்டு போவார். ரெண்டு பெரிய மனிதர்கள் மவுனாபோ கடலில் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போய்த் திரும்பி வருவார்கள். நிக்கோ பேசிக்கொண்டே இருப்பார். மாமா கேட்டுக்கொண்டே இருப்பார், அல்லது கேட்காமல். தூரத்திலிருந்து பார்த்தால் தலையும் தோளும் மட்டும் தெரியும். அங்கே மட்டும் மாமா நொண்ட மாட்டார்.

குழு கூடும் ஒவ்வொரு வியாழக்கிழமையும் டாக்டர் ஒரு கேள்வி கேட்பார். "இந்த ரெண்டு வாரமா மனசு எப்படி இருக்கு? பூஜ்யத்துலேருந்து பத்துக்குள்ள ஒரு எண் சொல்லுங்க."

"பூஜ்யம்."

"அவ்வளவு கஷ்டமாவா இருக்கு?"

"கஷ்டம் இல்ல. பூஜ்யம்."

டாக்டர் பூஜ்யம் போட்டுக்கொள்வார். நிக்கோவைக் கேட்டால் "பன்னெண்டு" என்பார்.

எடை இறங்கியது. அத்தை அதைக் கேள்விப்பட்டுக் கேள்விப்பட்டு மாடியில் வேலை ஆரம்பித்தார். கட்டிலுக்குப் புது மெத்தை வாங்கிப் போட்டார். பிளாஸ்டிக் உறையைக் கழற்றவில்லை. "அவரு வந்து கழட்டட்டும்" என்றார். அதுவரை அந்த உறை மேலேயே படுத்தார், புரளும்போதெல்லாம் கரகர என்று சத்தம் வரும். கீழே மாமாவுக்கு அது கேட்கும்.

எலும்பு டாக்டர் நாள் குறித்தார். வெள்ளிக்கிழமை காலை வந்து எடை காட்ட வேண்டும். இருநூற்று அறுபதுக்குக் கீழே இருந்தால் அடுத்த வாரமே அறுவை. இல்லாவிட்டால் அடுத்த இடம் மூன்று மாதம் கழித்துத்தான்.

முந்தின நாள் குழுவில் ஏறிப் பார்த்தார். இருநூற்று அறுபத்து மூன்று.

வீட்டுக்கு வந்ததும் மாமா என்னிடம் குப்பைப் பை இருக்கிறதா என்று கேட்டார். கறுப்பாக, பெரியதாக. கொடுத்தேன். அடியில் தலைக்கு ஒரு ஓட்டை, பக்கத்தில் கைக்கு ரெண்டு ஓட்டை, பட்டன் போடுகிற சாவதானத்தோடு போட்டார். மாட்டிக்கொண்டு டொயோட்டாவில் ஏறினார். கண்ணாடி எல்லாவற்றையும் ஏற்றிவிட்டுக்கொண்டார். ரெண்டு மணி வெயில், தகரக் கொட்டகை. கார் ஓடாவிட்டால் என்ன, அடுப்புக்குக் குறைவில்லை.

கண்ணாடியைத் தட்டினேன். "மாமா, டாக்டர் வேண்டாம்னாங்களே. சிறுநீரகம்..."

உள்ளேயிருந்து தலையை ஆட்டினார். சரி என்பதற்கும் போ என்பதற்கும் அவருக்கு ஒரே ஆட்டல்தான்.

மாடியில் அத்தையைக் கூப்பிடலாமா என்று பார்த்தேன். கடைக்குப் போயிருந்தார். அதனால் ஐஸ் வண்டியைத் தேடி ஓடினேன். எடைக்கணக்கில் நிக்கோ மாமாவுக்கு எதிரியா கூட்டாளியா என்று எனக்குத் தெரியாது. ஆனால் கூப்பிட வேறு ஆள் தோன்றவில்லை.

நிக்கோ வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தார். காரைப் பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. பக்கத்துக் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்து சாத்திக்கொண்டார். கார் ஒரு பக்கம் சாய்ந்தது. பின்கண்ணாடி ஒன்று புயலில் உடைந்து பாதி அட்டைதான். நான் ஃப்ரீசர் மேல் உட்கார்ந்திருந்தேன், எல்லாம் கேட்டது.

"எவ்வளவு கூட, சார்ஜென்ட்?"

"மூணு."

"மூணு அங்குலமா?"

"பவுண்டு."

கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் முன்கண்ணாடி வழியாகக் கொட்டகைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கேயோ வண்டி ஓட்டிக்கொண்டு போவது மாதிரி.

"அன்னிக்கு நீ டேப்ப ஒரு நூல் இறுக்கியிருக்கலாம்டா" என்றார் நிக்கோ. 'சார்ஜென்ட்' என்கிற மரியாதை போய்விட்டது.

"ஆமா."

"மத்தவனுங்க எல்லாருக்கும் இறுக்கின. அந்த டெக்சாஸ்காரன், தொப்பையே ரெண்டு ஆள் இருக்கும். அவனுக்குக் கூட இறுக்கின."

"ஆமா."

"எனக்கு மட்டும் ஏன்டா இல்ல?"

மாமா முகத்திலிருந்து வேர்வை பையின் மேல் விழுந்தது. சொட் சொட் என்று சத்தம் கேட்டது.

"கேப்டன் பின்னாடி நின்னான். நாம ரெண்டு பேரும் ஒரே ஊருன்னு அவனுக்குத் தெரியும். இறுக்கினா என்னையும் எடுத்துருவான்னு பயந்தேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"இத்தன வருஷமா நான் என்னென்னமோ நெனச்சேன்டா. எம்மேல கோவமோ, உம் பொண்டாட்டிகிட்ட ஏதாவது ஒளறினேனோன்னு." நிக்கோ சட்டையால் முகத்தைத் துடைத்தார். "பயம்தானா? இத மொதல்லயே சொல்லித் தொலைச்சிருந்தா ஒரு நாளாவது ஒழுங்கா தூங்கியிருப்பேனே."

"நீ கேக்கல."

"நீ சொல்லல."

நிக்கோ இறங்கி வண்டிக்குப் போனார். ஐஸ் பாளத்தில் துருவியைப் போட்டு இழுத்தார். பேப்பர் கப்பில் குவித்து அடித்துக் கூம்பாக்கினார். சர்பத் பாட்டில் பக்கம் கை போகவில்லை. வெறும் ஐஸ். கார் கண்ணாடியில் தட்டினார்.

"சர்பத் ஊத்தல. ஆராய்ச்சிக்கு விரோதமா நான் எதுவும் செய்ய மாட்டேன். தின்னு."

"நாளைக்கு எடை."

"தெரியும். மூணு மாசம் போனா போகுது, கடல் எங்கயும் போகாது. சிறுநீரகம் போனா உன்ன வாளியிலயா தூக்கிட்டு அலையறது? நான் என்ன கேப்டனா, பின்னாடி நின்னு பாக்க? எறங்குடா."

மாமா கதவைத் திறந்து கப்பை வாங்கி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அது வெக்கையில் உருகி அவர் விரல் வழியாக வழிந்தது. கூம்பு பாதியாகக் குறைந்த பிறகு வாயில் வைத்தார். பிறகு இன்னொன்று கேட்டார். நிக்கோ நாலு கப் துருவினார், காசு கேட்கவில்லை. குப்பைப் பையைக் கழற்றி என்னிடம் கொடுத்தார்கள். தோட்டத்துச் சருகு அள்ள அது உதவவில்லை, ஓட்டை.

வெள்ளிக்கிழமை இருநூற்று அறுபத்து மூன்று. எலும்பு டாக்டர் வருத்தமாகத்தான் சொன்னார், மூன்று மாதம் என்று.

வீடு வந்து சேர்ந்தபோது அத்தை பால்கனியில் நின்றார்.

"என்ன ஆச்சு?"

"மூணு" என்றார் மாமா.

"மூணு என்ன?"

"மூணு பவுண்டு. மூணு மாசம்."

அத்தை உள்ளே போனார். மாமா கட்டிலில் உட்கார்ந்தார். சாயங்காலமாயிற்று. கரண்ட் போயிற்று, அது தினமும் போகும். மேலே கரகர என்று நீளமாக ஒரு சத்தம். புது மெத்தையின் உறையைக் கழற்றுகிற சத்தம் அது என்று எனக்குக் கொஞ்சம் கழித்துத்தான் புரிந்தது.

வாளி இறங்கியது. தட்டு இல்லை. தலையணை இருந்தது. மாமா எடுத்துக்கொண்டு கயிற்றை இழுத்தார். மறுபடி இறங்கியது. இன்னொரு தலையணை.

"தம்பி!" என்று அத்தை என் அப்பாவைக் கூப்பிட்டார். "மெத்தைக்கு ஒரு கை புடி. அந்த ஓட்டைக் காரை வெளிய தள்ளு. எடம் வேணும்."

காரை எல்லாரும் சேர்ந்து தெருவுக்குத் தள்ளினோம். படிக்கட்டின் திருப்பத்தில் மெத்தை மாட்டிக்கொண்டது. அப்பா அந்தப் படிக்கட்டைக் கட்டியவரைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். கட்டியவர் கீழே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியில் அத்தை இறங்கி வந்தார். இரவு உடுப்பு, கையில் டார்ச். மெத்தையைத் தரையில் போட்டு விரிப்பை உதறினார்.

"நீ ஏன் எறங்கி வந்த?" என்றார் மாமா. "மேல காத்து நல்லா வருமே."

"காத்த வெச்சு நான் என்ன பண்ணறது? மூணு மாசம் அந்த வாளியோடயா குடும்பம் நடத்தறது? தள்ளிப் படு கெழவா."

மாமா தள்ளிப் படுத்தார்.

அடுத்த குழு வியாழக்கிழமை டாக்டர் யாரலிஸ் அதே கேள்வியைக் கேட்டார். மாமா உடனே சொல்லவில்லை. யோசித்தார்.

"அரை போட முடியுமா?"

டாக்டர் காகிதத்தைப் பார்த்தார். "அரை இல்லீங்களே. முழு எண்தான் போடணும்."

"அப்ப பூஜ்யமே போடுங்க."

"அரைக்கு எங்கயும் எடம் கெடையாது சார்ஜென்ட்" என்றார் நிக்கோ. எட்டுப் பேரும் சிரித்தார்கள். மாமாவின் மீசையும் ஒரு பக்கம் அசைந்த மாதிரி இருந்தது. ஈ உட்கார்ந்திருக்கலாம்.

வாளிக்கு இப்போது வேலை இல்லை, பால்கனியிலிருந்து கொட்டகை வாசலில் கை எட்டும் உயரத்தில் சும்மா தொங்குகிறது. மழைத் தண்ணீர் தேங்கி, அதில் கோகித் தவளை ஒன்று குடியேறியிருந்தது. போன சனிக்கிழமை காலை என் ஷூவுக்குள் கால் விட்டேன். உள்ளே குளிர்ச்சியாக ஏதோ துள்ளியது.

மாமாவிடம் போய் நின்றேன். அவர் சௌசௌ சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"தவளைய எடுத்தது யாரு மாமா?"

"எதுவும் தோணல" என்றார்.